ஒரு மண்டலம் தொடக்கூடாது

பத்து மணிக்குப் பரீட்சை. ஏழரைக்கே கீர்த்தனா கம்ப்யூட்டர் லேபின் பூட்டைத் திறந்துவிட்டாள். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரர் இன்னும் ரெண்டு ஆள் ஏறட்டும் என்று வண்டியை நிறுத்தி வைக்காமல் இருந்திருந்தால் ஏழுக்கே வந்திருப்பாள். ஹேண்ட்பேக்கின் உள் ஜிப்பில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதற்குள்தான் அவளுடைய மானம் மரியாதை எல்லாம் இருந்தது.

கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே, உப்பளத்தைப் பார்த்தபடி நிற்கும் பொறியியல் கல்லூரி அது. கீர்த்தனா அங்கே லேப் புரோகிராமர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை, இன்னும் நிரந்தரமும் ஆகவில்லை. அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். லேபுக்கு முப்பது புது மெஷின் வாங்கப் போகிறோம் என்று கூட்டம் போட்டபோது எழுந்து நின்று, "விண்டோஸ் வேணாம் சார், லினக்ஸ் போட்டுக்கலாம்" என்று சொன்னவள் இவள்தான்.

"அப்போ கிராபிக்ஸ் பரீட்சை என்ன ஆறது?" என்று லேப் பொறுப்பாளர் பட்டாபிராமன் கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்றாம் வருடப் பிள்ளைகளின் பாடத்தில் உள்ள புரோகிராம் எல்லாம் பழைய டர்போ சி காலத்தவை. வட்டம் போடு, கோடு போடு, காரை நகர்த்து என்று சொன்னால் டர்போ சி-யில் படம் வரும். லினக்ஸில் அதே வரிகளை அடித்தால் 'நீ யார்?' என்று கேட்கும். அந்த வரிகளைப் புரிந்துகொண்டு படம் வரைய ஒரு கிராபிக்ஸ் லைப்ரரி வேண்டும். அதை யாரும் டப்பாவில் போட்டு விற்பதில்லை. இன்டர்நெட்டில் இருந்து மூல நிரலை இறக்கி, நம் மெஷினில் நாமே கம்பைல் செய்து நிறுவிக்கொள்ள வேண்டும். "அதை நான் பாத்துக்குறேன் சார்" என்று கீர்த்தனா வாக்குக் கொடுத்தாள். தன் வாயால் கெடும் தவளை என்று சும்மாவா சொன்னார்கள்.

இன்று அந்த லைப்ரரி ஓடவில்லையென்றால் பரீட்சை கிடையாது. பல்கலைக்கழகம் வேறு தேதி தராது. வகுப்பு மொத்தமும் அரியர். அரியர் விழுந்தவர்கள் திங்கட்கிழமை கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது என்று கம்பெனிக்காரர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் தேவநேரி மீனவர் குப்பத்திலிருந்து வரும் பொன்னி, அந்த இன்டர்வியூவுக்கென்று தைத்த சுடிதாரைத் தீபாவளிக்குக்கூடப் போடாமல் வைத்திருக்கிறாள். அதைக் கீர்த்தனாவிடம் சொன்னபோது அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

புதன்கிழமை ஒரு மெஷினில் போட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இறக்கிய தொகுப்பு மளமளவென்று கம்பைல் ஆனது. வட்டம் வந்தது, கோடு வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. படத்துக்கு அடியில் பெயர் எழுதச் சொல்லும் கேள்விகள் பாதிக்கு மேல். சரி, திருத்திவிடலாம் என்று தொகுப்பைச் செங்கல்பட்டுக்கு எடுத்துப் போனாள். அங்கே அக்கா வசந்தா வீட்டில் தங்கியிருக்கிறாள். வியாழக்கிழமை கேளம்பாக்கம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று நாள் முழுக்க மின்சாரம் இல்லை, லேப் மூடல். அவள் வீட்டு மெஷினில் உட்கார்ந்து எழுத்து சம்பந்தப்பட்ட வரிகளை எல்லாம் திருத்தி, கான்ஃபிகர் கோப்பையும் புதிதாக உண்டாக்கி, சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டுத் திரையில் 'வசந்தா' என்று ஆங்கிலத்தில் மஞ்சள் நிறத்தில் எழுதிக் காட்டினாள். "இதுக்காடி ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம ஒக்காந்துகினு இருந்த?" என்றாள் அக்கா.

வீட்டில் கம்பைல் ஆனதை அப்படியே தூக்கிவந்தால் இங்கே ஓடாது, அது வேறு லினக்ஸ். திருத்திய மூல நிரலை இங்கே மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். அரை மணி நேர வேலை. பென் டிரைவைச் செருகி, தொகுப்பைப் பிரித்து, முதல் கட்டளையான கான்ஃபிகரை ஓட்டினாள். கம்பைல் செய்வதற்கு முன் மெஷினில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிற கட்டளை அது.

ரெண்டு வரி ஓடியது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. 'இப்போது உருவாக்கிய கோப்பு, தொகுப்பில் வந்த கோப்பைவிடப் பழையதாக இருக்கிறது. கடிகாரத்தைச் சரிபார்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

இப்போது உருவாக்கியது எப்படிப் பழையதாகும்? பெற்ற பிள்ளை அம்மாவைவிட மூத்தது என்று சொல்வதைப் போல இருந்தது. இருந்தாலும் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். வெள்ளி, 7:52. கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தாள். அதிலும் அதே நேரம். கிழமை சரி, மணி சரி. பிறகென்ன கடிகாரத்தைச் சரிபார்ப்பது? மெஷின் உளறுகிறது என்று முடிவு கட்டினாள்.

முடிவு கட்டியதுதான் வினை. அதன்பிறகு அவள் தேடாத இடமில்லை. பென் டிரைவில் கோப்பு கெட்டிருக்குமோ என்று மறுபடி பிரதி எடுத்தாள். வேறு மெஷினில் போட்டாள், அங்கேயும் அதே வரி. இன்னொன்றில் போட்டாள், அங்கேயும் அதுவே. கம்பைலரைக் கழற்றி மாட்டினாள். பயனர் அனுமதிகளை மாற்றினாள். ஒவ்வொரு முறையும் மூன்றாவது வரியில் அதே பதில். சண்டி மாடு நுகத்தடியைக் கண்டதும் படுத்துக்கொள்வதைப் போல அங்கேயே படுத்துக்கொண்டது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தும் அவள் முதுகு நனைந்தது. வராந்தாவில் பிள்ளைகள் வந்து சேரும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

பட்டாபிராமன் ஒன்பதுக்கு வந்தார். திருக்கழுக்குன்றத்துக்காரர். வெள்ளிக்கிழமை என்பதால் கிண்ணத்தில் சந்தனமும் ஒரு முழம் பூவும் கொண்டுவந்திருந்தார். முதல் மெஷினின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"ஆச்சாம்மா?"

"ஆவல சார். பேஜாரா கீது."

"நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினார்.

கடைசி முயற்சியாக, எந்தக் கோப்பு முழுசாக வந்திருக்கிறது என்று பார்க்க எல்லாவற்றையும் பட்டியலிட்டாள். அளவுகளைத்தான் பார்க்க நினைத்தாள். கண் தேதியில் போய் நின்றது. அவள் வீட்டில் திருத்திய கோப்புகளுக்கு எதிரே அக்டோபர் முப்பது என்று இருந்தது. சரி, நேற்று. சற்று முன் இந்த மெஷினில் உண்டான கோப்புக்கு எதிரே அக்டோபர் இருபத்திநாலு என்று இருந்தது.

இன்று முப்பத்தியொன்று. மெஷின் சரியாக ஒரு வாரம் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதனால்தான் கிழமையும் மணியும் பொருந்தின. மூலைக் கடிகாரத்தில் தேதி காட்டாது. அடுத்த மெஷினைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். முப்பது மெஷினும் இருபத்திநாலாம் தேதியில்தான் இருந்தன.

"சார், எல்லா மெஷினும் ஒரு வாரம் பின்னாடி கீது சார்!"

"ஆமாம். இருக்கும்" என்றார் பட்டாபிராமன், பூவைக் கிள்ளிக்கொண்டே.

"இருக்கும்னா?"

"தாளாளர் உத்தரவும்மா. நீ அந்த வாரம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு லீவுல இருந்தே. மெஷினை விஜயதசமி அன்னிக்குத்தான் ஆன் பண்ணணும்னு அவருக்கு ஆசை. லாரி வழியில மாட்டிண்டுடுத்து. அடுத்த வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தது. ஜோசியரைக் கேட்டார். மெஷின் கணக்குல விஜயதசமியா இருந்தாப் போறும்னுட்டார் அந்த மகானுபாவர். முப்பதையும் ஒரு வாரம் பின்னாடி தள்ளிவெச்சு, தேங்கா உடைச்சு, ஆன் பண்ணினோம். ஒரு மண்டலம் தேதியைத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்!"

"சாங்கியம்தானேம்மா. கம்பைலர் பஞ்சாங்கம் பார்க்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கீர்த்தனா தேதியை மாற்றும் கட்டளையை அடிக்கப் போனாள். பட்டாபிராமன் விசைப்பலகைக்கும் அவள் கைக்கும் நடுவே சந்தனக் கையை நீட்டிவிட்டார்.

"வேண்டாம்மா. பத்து மணிக்கு அவரே வரார், எக்ஸ்டர்னலுக்குப் பொன்னாடை போத்த. உன் பெர்மனென்ட் ஆர்டர் அவர் மேஜையில இருக்கு. எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கு. வேற வழி ஏதாவது இருந்தாப் பாரேன்."

வேறு வழி இருந்தது. அதுதான் பொல்லாத்தனம். டச் என்று ஒரு கட்டளை உண்டு. எந்தக் கோப்பை அதனால் தொட்டாலும் அந்தக் கோப்பின் தேதி, மெஷினின் இன்றைய தேதியாகிவிடும். மெஷினை நிஜத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதில், தன் கோப்புகளை எல்லாம் மெஷினின் பொய்க்குள் கொண்டுபோய்விடலாம். தாளாளரோடு சண்டை இல்லை, நேரமும் மிச்சம். கீர்த்தனா ஒரே வரியில் அத்தனை கோப்புகளையும் தொட்டாள். எல்லாம் இருபத்திநாலாம் தேதிக்குப் போயின. கான்ஃபிகர் மறுபேச்சு பேசாமல் ஓடியது. தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கும்போது யானைக்குத் தெரிவதில்லை.

கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது. வரி வரியாகத் திரை மேலே ஏறியது. நடுவில் எச்சரிக்கைகள் வந்தன, பிழை வரவில்லை. நிறுவினாள். ஒரு சின்ன புரோகிராமை எழுதி ஓட்டினாள். 'லைப்ரரி கோப்பு கிடைக்கவில்லை' என்றது. கோப்பு இருக்கத்தான் இருந்தது, அது வந்து உட்கார்ந்த இடம் மெஷினுக்குத் தெரியவில்லை. புது லைப்ரரி வந்திருக்கிறது, பதிந்துகொள் என்று சொல்லும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு வட்டம் வந்தது. அதற்கு அடியில் மஞ்சள் எழுத்தில் பெயர் வந்தது.

"முருகா!" என்றார் பட்டாபிராமன்.

மற்ற மெஷின்களுக்கு நெட்வொர்க் வழியாக அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினாள். ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தது. கடைசி மெஷின் தயாரானபோது வாசலில் தாளாளரின் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

தாளாளர் பன்னீர்செல்வம் மதுராந்தகத்தில் அரிசி மில் வைத்து முன்னுக்கு வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். நல்ல நாள் பார்க்காமல் மில்லில் ஒரு பெல்ட்டைக்கூட மாற்றியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். வெளித் தேர்வாளராக வந்திருந்தவர் அருணகிரி. ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. பொன்னாடையை மடித்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு நேராக வேலையில் இறங்கினார். கேள்விச் சீட்டுகளைக் குலுக்கி எடுக்கச் சொன்னார். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். முப்பது விசைப்பலகைகளும் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்கின.

திரைகளில் படங்கள் வந்தன. ஒன்றில் கார் நகர்ந்தது, ஒன்றில் பந்து குதித்தது. கீர்த்தனா சுவரில் சாய்ந்து, காலையிலிருந்து முதல் முறையாக மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள். அப்பா முனிசாமி அச்சரப்பாக்கத்தில் பார்க்கிறவரிடமெல்லாம் 'என் பொண்ணு காலேஜுல கம்ப்யூட்டருக்கே வாத்தியாரு' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இன்றைக்கு அந்தப் பேச்சு பிழைத்தது என்று நினைத்தாள்.

பொன்னிதான் முதலில் முடித்தாள். அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டரில் இருந்து தாளை அருணகிரியே எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தக் கல்லூரியில் ஒரு விதி உண்டு. முன்னொரு பரீட்சையில் யாரோ வீட்டிலேயே அச்சடித்துக் கொண்டுவந்து நீட்டிய பிறகு போட்ட விதி அது. லேபில் அச்சாகும் ஒவ்வொரு தாளின் தலையிலும் தேதி, நேரம், மெஷின் எண் மூன்றும் தானாக விழும். அதைப் பிரிண்டரில் ஏற்பாடு செய்து வைத்ததும் கீர்த்தனாதான்.

"இது யாரோடது?"

"என்னுது சார்" என்று பொன்னி எழுந்தாள்.

"எப்ப அடிச்சே?"

"இப்பத்தான் சார்."

"இப்பன்னா? இதுல அக்டோபர் இருபத்திநாலுன்னு இருக்கு. போன வெள்ளிக்கிழமை." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எல்லாரும் கையை எடுங்க. யாரும் எதையும் தொட வேண்டாம்."

விசைப்பலகைகளின் சத்தம் நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று சும்மா சொல்கிறோம், உடைகிற சத்தத்தை அன்றைக்குக் கீர்த்தனா தன் காதால் கேட்டாள். அருணகிரி தன் பையிலிருந்து முறைகேட்டுப் புகார்த் தாளை உருவினார்.

"சார், அது முன்னாடியே அடிச்சது இல்ல சார்" என்று ஓடினாள். "மெஷின் தேதி தப்பா கீது. ஒரு வாரம் பின்னாடி ஓடுது. நேரத்தைப் பாருங்க, அது சரியா இருக்கும்."

"முன்னாடியே திட்டம் போட்டவங்க நேரத்தையும் சரியா அடிச்சு வெச்சிருக்கலாமே."

"அப்ப நீங்களே ஏதாச்சும் சொல்லுங்க சார். பாடத்துல இல்லாதது. பொன்னி உங்க எதுருலயே போடட்டும்."

அருணகிரி ஜன்னலுக்கு வெளியே ஒரு கணம் பார்த்தார். "கட்டுமரம் ஒண்ணு வரையச் சொல்லுங்க. கீழ என் பேரை எழுதட்டும்."

பொன்னி மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தாள். ஆனால் கட்டுமரத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டிய கயிறுகூடச் சரியான இடத்தில் விழுந்தது. அடியில் அருணகிரி என்று வந்தது. அச்சடித்தாள். தாளின் தலையில் அக்டோபர் இருபத்திநாலு.

அருணகிரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சரி. பிள்ளைங்க மேல தப்பில்லை. ஆனா பல்கலைக்கழகத்துக்கு நான் இந்தத் தாளைத்தான் அனுப்பணும். அங்க உக்காந்திருக்கிறவங்க கட்டுமரத்தைப் பாக்க மாட்டாங்க, தேதியைப் பாப்பாங்க. பல்கலைக்கழகம் பிராக்டிகல் பரீட்சையை ஆரம்பிச்சதே இருபத்தொம்பதுல. உங்க மெஷினுக்கு இன்னும் தீபாவளியே வரலையே? யார் பண்ணின வேலை இது?"

பட்டாபிராமன் தரையைப் பார்த்தார். கீர்த்தனா பட்டாபிராமனைப் பார்த்தாள். பேட்டரி மேல் பழியைப் போடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. முப்பது புது மெஷினுக்கும் ஒரே நாளில் ஒரே அளவு பேட்டரி போனது என்றால் பச்சைக் குழந்தைகூட நம்பாது.

"நாந்தான் சொன்னேன். இன்னா இப்ப?" என்றது வாசலில் இருந்து ஒரு குரல். பன்னீர்செல்வம்தான். அவர் முகத்தில் துளி வெட்கமில்லை. "விஜயதசமில ஆரம்பிச்ச மெஷினு. ஒரு மண்டலம் தேதியத் தொடக்கூடாது. அதுக்கோசரம்தான் அப்புடி."

"அப்போ மண்டலம் முடிஞ்சதும் பரீட்சை வெச்சுக்கங்க" என்று அருணகிரி பேனாவை மூடினார்.

ஒரு மூலையில் யாரோ விசும்பினார்கள். பன்னீர்செல்வம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் அழுதால் பொறுக்காது அவருக்கு. மீசையைத் தடவினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் போய்ப் பார்த்தார்.

"சரி வுடு, மாத்திக்கலாம். ஆனா பன்னெண்டுக்கு மேல மாத்து. இப்ப ராகு காலம்."

"பன்னெண்டு மணி வரைக்கும் நான் சும்மா உக்காந்திருக்க முடியாது சார். கேள்விச் சீட்டு வெளிய வந்தாச்சு. இப்ப நடக்கணும், இல்லைன்னா ரத்து."

"கொஞ்சம் பொறுங்க சார். அஞ்சு காசு பெறாத வேலைக்குக்கூட நான் ராகு காலத்துல கை வெச்சது கெடையாது. இது முப்பது மெஷினு."

அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கீர்த்தனா முதல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அதன் நெற்றியில் பட்டாபிராமன் வைத்த பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. காலையிலேயே தேதியை மாற்றியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. பயந்துகொண்டு பொய்க்குள் நுழைந்தது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. காலையில் லைப்ரரியை அனுப்பிய அதே ஸ்கிரிப்டைத் திறந்து, அனுப்பும் வரியை எடுத்துவிட்டு, தேதியை மாற்றும் வரியைப் போட்டாள். அக்டோபர் முப்பத்தியொன்று. நிமிடத்தைக் கை வாட்சைப் பார்த்துப் போட்டாள்.

"ஏம்மா, இன்னா பண்ற? பொறு சொல்றேன்ல!"

என்டரை அழுத்தினாள்.

முப்பது திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

சத்தமே இல்லை. கார், பந்து, கட்டுமரம் எதுவும் இல்லை. சுவரிலிருந்து சுவர் வரை கறுப்புக் கண்ணாடி மட்டும். ஒரு பையன் "ஐயோ, என் புரோகிராம்!" என்று கத்தினான். கீர்த்தனா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். என்ன செய்தேன்? அத்தனை பேர் உழைப்பையும் ஒரு விசையில் அழித்துவிட்டேனா? யோசிக்க நினைத்தாள், மூளை ஓடவில்லை. பட்டாபிராமன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சுலோகம் சொல்ல ஆரம்பித்தார்.

"போச்சு!" என்று பன்னீர்செல்வம் தலையில் கைவைத்தார். "படிச்சிப் படிச்சி சொன்னேன். ராகு காலத்துல கை வெக்காதன்னு சொன்னேன்ல!"

பொன்னி அழுகையோடு மேஜையில் தலையைக் கவிழ்த்தாள். கவிழ்த்தபோது முழங்கை மவுஸில் இடித்தது. திரை பளிச்சென்று வந்தது. கட்டுமரம் அதே இடத்தில் மிதந்தது, அடியில் அருணகிரி.

அப்போதுதான் கீர்த்தனாவுக்கு உயிர் வந்தது. "மவுஸை நகர்த்துங்க! எல்லாரும் மவுஸை நகர்த்துங்க!" ஒவ்வொரு திரையாக விழித்தது. கார் விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது, பந்து விட்ட இடத்திலிருந்து குதித்தது. ஒரே நொடியில் ஒரு வாரம் தாண்டிவிட்டதால், இந்த ஒரு வாரமாகத் தங்களை யாருமே தொடவில்லை என்று மெஷின்கள் நினைத்துக்கொண்டு திரையை அணைத்துத் தூங்கப் போய்விட்டன. அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

பொன்னி மறுபடி அச்சடித்தாள். அருணகிரி தாளை வாங்கித் தலையில் பார்த்தார். அக்டோபர் முப்பத்தியொன்று. தன் வாட்சைப் பார்த்தார். முறைகேட்டுத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "பழைய அச்சு ரெண்டையும் கிழிச்சிடுங்க. எல்லாருக்கும் இருபது நிமிஷம் கூடுதலா தர்றேன். ஆரம்பிங்க" என்றார். பொன்னியைத் தாண்டிப் போகும்போது, "கட்டுமரம் நல்லா இருந்துச்சும்மா" என்று மெல்லச் சொன்னார்.

விசைப்பலகைகள் மறுபடி தட்டத் தொடங்கின. பன்னீர்செல்வம் போகவில்லை. வாசலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த மெஷின் எப்போது வெடிக்குமோ என்று பார்ப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீர்த்தனாவை விரலால் கூப்பிட்டார். பட்டாபிராமனும் பின்னாலேயே வந்து நின்றார்.

"நான் பொறுன்னு சொன்னேன்" என்றார், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில்.

"சொன்னீங்க சார்."

"காதுல வுழலையா?"

"வுழுந்திச்சி சார்."

அவர் அவளையே பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தாள். அப்பா முகம் கண்ணில் வந்து போனது. ஆனாலும் காலையில் இருந்த பயம் இப்போது இல்லை. எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இப்ப மெஷினு எந்தத் தேதில கீது?"

"இன்னிக்குத் தேதில சார்."

"எல்லாமேவா?"

"எல்லாமே சார்."

"படம் வருதா?"

"வருது சார்."

பன்னீர்செல்வம் முப்பது திரைகளையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பொன்னி தாளை விடைத்தாளில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"யோவ் பட்டாபி, இந்தப் பொண்ணோட பெர்மனென்ட் ஆர்டரு என் டேபிள்ல கெடக்குதே, போய் எடுத்தா. கையெழுத்துப் போட்டுட்றேன்."

பட்டாபிராமன் சுவரில் இருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "இப்பவா சார்? ராகு காலம் இன்னும் முடியலையே."

"அதுக்கின்னா இப்ப?" என்றார் பன்னீர்செல்வம், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே. "ஆர்டர்ல தேதி மட்டுந்தானே போடுவோம்? நேரம் போட மாட்டோமில்ல. போய் எடுத்தாய்யா."